பஸ் நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள்: நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஏற்ற பேட்டையை உருவாக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் 420 மீட்டர். எனக்கு ஐந்து நிமிட நடை. 71 வயதான என் அம்மாவுக்குப் பதிமூன்று நிமிடம் ஆகிறது. வயது ஒரு காரணம்தான். ஆனால் அந்த 420 மீட்டருக்குள் அவர் 17 முறை நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கி, மறுபடியும் 17 முறை ஏற வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு அவர் பின்னாலேயே நடந்து எண்ணினேன். வீட்டு வாசலில் கட்டிய சாய்தளங்கள் ஏழு, நிறுத்திவைத்த காரும் பைக்குமாக ஐந்து இடம், மின்சாரப் பெட்டி இரண்டு, ட்ரான்ஸ்பார்மர் ஒன்று, உடைந்த வடிகால் ஸ்லாப் ஒன்று, கொட்டிவைத்த ஜல்லி ஒன்று. ஜல்லிக் குவியலைச் சுற்றி இறங்கும்போது பின்னாலிருந்து வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வழிகாட்டி அந்த நோட்டிலிருந்து வளர்ந்தது. குடியிருப்போர் நலச்சங்கத்தில் இருப்பவர்கள், வார்டு கவுன்சிலர்கள், புதிதாக மனைப்பிரிவு போடுகிறவர்கள், நகரமைப்பு படிக்கும் மாணவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: நம் ஊர்களில் ரோடு போடும்போது எத்தனை கார் போகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் நடைபாதை, அதற்கும் மிச்சம் இருந்தால் பஸ் நிறுத்தம் என்று வருகிறார்கள். அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பஸ் நிறுத்தத்தை நடுவில் வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பின்னோக்கி வரைந்துகொண்டே வாருங்கள்.

முதல் படி: வட்டம் போடுங்கள், அப்புறம் அந்த வட்டத்தை நம்பாதீர்கள்

உங்கள் பகுதியின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தத்தையோ ரயில் நிலையத்தையோ நடுப்புள்ளியாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். சாதாரண நடையில் அது ஐந்து நிமிட தூரம். ரயில் நிலையத்துக்கு மக்கள் இன்னும் கொஞ்சம் தூரம் நடப்பார்கள்; அதற்கு 800 மீட்டர் வட்டம் போடலாம்.

இனி, உண்மையில் ஐந்து நிமிடத்தில் நடந்து சேரக்கூடிய இடங்களை மட்டும் வண்ணம் தீட்டுங்கள். வட்டத்தில் பாதிகூட நிறையாமல் போகலாம். நீளமான காம்பவுண்டு சுவர், ஒரே ஒரு கேட் வைத்த பெரிய அடுக்குமாடி வளாகம், குறுக்கே ஓடும் ரயில் பாதை, பாலமில்லாத கால்வாய், முட்டுச்சந்து எல்லாம் அந்த வட்டத்தைத் தின்றுவிடும். பறவைக்கு 200 மீட்டர், நடப்பவருக்கு 900 மீட்டர் என்று சில இடங்கள் கண்ணில் படும். அவற்றைத் தனியே குறித்து வையுங்கள். சுவரில் ஒரு சின்னக் கதவு, கால்வாயின் மேல் ஒரு நடைப்பாலம், முட்டுச்சந்தின் முடிவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி என்று சின்னச் சின்ன வேலைகள்தாம். ஒரு பஸ் நிறுத்தத்துக்கு நூற்றுக்கணக்கான வீடுகளைப் பக்கத்தில் கொண்டுவர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது படி: வண்டிகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள்

வேண்டியவை ஒரு டேப், சாக்பீஸ், நான்கு பேர், ஒரு நோட்டு. செவ்வாய் அல்லது புதன்கிழமை பாருங்கள். திங்களும் வெள்ளியும் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். காலை 8 முதல் 9 வரை, மாலை 5 முதல் 6 வரை, இருட்டிய பிறகு 8 மணிவாக்கில் அரை மணி நேரம். தெருவின் ஒரு புள்ளியில் உட்கார்ந்து கடந்து போகும் ஒவ்வொருவரையும் குறியுங்கள். நடப்பவர், சைக்கிள், பைக், ஆட்டோ, கார், பஸ் எனத் தனித்தனியாக. பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், தடி ஊன்றியோ சக்கர நாற்காலியிலோ வருகிறவர்கள் ஆகியோரை இன்னொரு வரிசையில்.

ஆட்களை எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டிகளை எண்ணினால் 50 பேர் வரும் பஸ்ஸும் ஒன்று, ஒருவர் வரும் காரும் ஒன்று. நடந்து போகிறவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். கணக்கில் இல்லாதவருக்குத் திட்டத்தில் இடம் எங்கிருந்து வரும்? இரவு எட்டு மணிக் கணக்கும் முக்கியம். காலையில் ஆண்களுக்குச் சம அளவில் நடந்த பெண்கள் இரவில் பாதியாகக் குறைந்திருந்தால் அந்தத் தெருவில் விளக்கோ, கடையோ, இரண்டுமோ இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் டேப். நடைபாதையின் மொத்த அகலத்தை அளப்பதில் பயனில்லை. தடையே இல்லாமல் நேராக நடக்கக்கூடிய அகலத்தை அளங்கள். காகிதத்தில் 2 மீட்டர் இருக்கும். மின்கம்பமும் பெட்டியும் போக 60 சென்டிமீட்டர்தான் தேறும். உங்கள் வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யாரோ, அவரோடு ஒருமுறை நடந்து, அவர் எத்தனை முறை ரோட்டில் இறங்குகிறார் என்று எண்ணுங்கள். அந்த ஒரு எண் எந்த அறிக்கையையும் விட வேகமாக அதிகாரிகளுக்குப் புரியும். நான் கண்கூடாகப் பார்த்தது.

மூன்றாவது படி: நடைபாதை

சாலை அமைப்பதற்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் நடப்பவர்களுக்கான விதிமுறையைத் திருத்தி வெளியிட்டது, ஐ.ஆர்.சி. 103 என்பார்கள். குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர், நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1.8 மீட்டர் என்றால் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று கடக்கலாம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால், 15 சென்டிமீட்டர் உயரம் ஏற 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும்.

நல்ல நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பிரித்துப் பாருங்கள். சுவரை ஒட்டி ஒரு பட்டை: கடையின் படி, வாசலில் நின்று பார்க்கிறவர்கள். நடுவில் நடைப் பட்டை: இங்கே எதுவும் இருக்கக் கூடாது. ரோட்டை ஒட்டி மூன்றாவது பட்டை: மரம், விளக்குக் கம்பம், மின்சாரப் பெட்டி, பெஞ்ச், சாலையோரக் கடை எல்லாம் இங்கேதான். நம் ஊரில் கெட்டுப்போவது இந்த மூன்றாவது பட்டை இல்லாததால்தான். கம்பத்துக்கும் பெட்டிக்கும் இடம் ஒதுக்காததால் அவை நடக்கிற இடத்துக்கே வந்துவிடுகின்றன.

வீட்டு வாசல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தெருக்களில் ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். நடப்பவர் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் இரண்டாவது கேட்டிலேயே ரோட்டுக்கு வந்துவிடுவார். முறைப்படி, நடைபாதை கேட்டுக்கு முன்னாலும் அதே மட்டத்தில் தொடர வேண்டும். காருக்கான சாய்வு ரோட்டை ஒட்டிய பட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். ஏற வேண்டியது எஞ்சின். முழங்கால் சமதளத்தில் போகட்டும். இதை ஒப்பந்தக்காரர் வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். சிமெண்ட் காய்ந்த பிறகு பேசிப் பயனில்லை.

ரோட்டு மட்டத்தையும் கவனியுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் நடைபாதை தரையோடு தரையாகிவிடும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். உங்கள் தெருவில் ரோடு போட லாரி வரும்போது பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் எந்திரமும் வருகிறதா என்று பாருங்கள்.

நிழலைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு நிழலில்லாத நடைபாதையில் யாரும் நடக்கமாட்டார்கள், அது எவ்வளவு அகலமாக இருந்தாலும். புங்கை, வேம்பு, மகிழம் போன்ற மரங்களை நடலாம். வேர் மூச்சுவிட மண் திறந்திருக்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசிவிட்டால் அடுத்த புயலில் மரம் சாயும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னையில் எத்தனை மரங்கள் வேரோடு படுத்தன என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டோம்.

சரி, தெருவே ஆறு ஏழு மீட்டர்தான் என்றால்? அங்கே நடைபாதை கட்டாதீர்கள். இரண்டு பக்கமும் அரை மீட்டர் மேடு கட்டினால் யாருக்கும் பயனில்லை. முழுத் தெருவையுமே நடப்பவர்களுக்கானதாக வைத்து, வண்டிகள் அங்கே விருந்தாளியாக மெல்லப் போகட்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1970களில் இதைச் செய்தார்கள். நமக்கு இது புதிதல்ல. காலையில் கோலம் போட்டு, சாயங்காலம் பிள்ளைகள் விளையாடி, மார்கழியில் பஜனை போகிற தெரு அப்படிப்பட்ட தெருதான்.

நான்காவது படி: வேகத்தைத் தெருவின் வடிவத்தால் குறையுங்கள்

2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,000க்கும் மேல். அவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். இது பள்ளிக்கூட இயற்பியல். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். 50ஐத் தாண்டத் தாண்ட அந்த வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. அதனால்தான் 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களில் 30தான் உச்ச வேகம் என்று அறிவித்தது.

‘30’ என்று பலகை வைத்தால் யாரும் மெதுவாகப் போகமாட்டார்கள். அகலமான, நேரான ரோடு ‘வேகமாப் போ’ என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். ரோட்டைச் சுருக்க வேண்டும். உள்தெருவில் ஒரு வண்டிப் பாதைக்கு 3 மீட்டருக்கு மேல் தேவையில்லை. தெருமுனையை வளைத்து விரிக்காமல் கூராக வையுங்கள். திரும்பும் வண்டி தானாகவே வேகம் குறைக்கும், கடக்கும் தூரமும் குறையும். திடீர் வேகத்தடை முதுகை உடைக்கும், இரவில் பைக்காரரைக் கீழே தள்ளும். அதற்குப் பதில், கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு அகலமாக உயர்த்திவிடலாம். நடப்பவர் சமதளத்தில் போவார், வண்டி ஏறி இறங்கும். பள்ளிக்கூட வாசலில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று சொன்னால் உடனே நன்றி சொல்லாதீர்கள். லாரி அடியில் போக ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். ஏறத்தாழ நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்க வேண்டும். கைக்குழந்தையோடும் காய்கறிப் பையோடும் யார் ஏறுவார்கள்? தரையில் சிக்னல், நடுவில் நின்றுகொள்ள ஒரு மேடை, இவைதான் தேவை. சிக்னல் நேரத்தையும் கணக்குப் போட்டுக் கேளுங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 15 மீட்டர் ரோட்டைக் கடக்க 12.5 நொடி. என் அம்மாவைப் போல நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்குக் கிட்டத்தட்ட 19 நொடி. 12 நொடியில் சிவப்பு விழும் சிக்னல் அவரை நடுரோட்டில் நிறுத்திவிடுகிறது.

ஐந்தாவது படி: குறுக்குவழியாக ஓடும் வண்டிகளை வெளியே அனுப்புங்கள்

ஒரு பேட்டையின் உள்தெருக்களில் ஓடும் கார்களில் கணிசமானவை அந்தப் பேட்டையைச் சேர்ந்தவையே இல்லை. மெயின் ரோட்டு சிக்னலைத் தவிர்க்க உள்ளே புகுந்து வெளியே போகிறவை. இவற்றைத் தடுத்தாலே தெரு பாதி அமைதியாகும்.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் 1977இல் நகர நடுவை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளி வட்டச் சாலைக்கு வந்துதான் மறுபடி நுழைய வேண்டும். நடப்பவரும் சைக்கிள்காரரும் நேராகப் போகலாம். பெல்ஜியத்தின் கென்ட் 2017 ஏப்ரலில், நடைமண்டலத்தைச் சுற்றி ஆறு பகுதிகள் வைத்து இதே மாதிரி மாற்றியது. நெதர்லாந்தின் ஹௌடன் என்ற ஊரை 1970களிலேயே இப்படி வரைந்தார்கள்: நடுவில் ரயில் நிலையம், அங்கிருந்து எல்லாப் பக்கமும் சைக்கிள் பாதைகள், கார்களுக்கு ஊரைச் சுற்றி வளையச் சாலை. பக்கத்துப் பகுதிக்குக் காரில் போக வெளியே போய்ச் சுற்ற வேண்டும். சைக்கிளில் குறுக்கே போய்விடலாம். யாரையும் தடுக்கவில்லை. எது பக்கம், எது சுற்று என்பதை மட்டும் மாற்றினார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதுரைதான் நினைவுக்கு வரும். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். இன்றைக்குச் சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள்: கல் தரையில் உட்கார்ந்து பேசும் குடும்பங்கள், ஓடும் குழந்தைகள், பூ விற்கும் அக்காமார். நடப்பதற்காக ஊரை வளையம் வளையமாக அமைக்கும் அறிவு நம்மிடமே இருக்கிறது. ஒரு வளையத்தில் செய்ததை அடுத்த வளையத்துக்கும் கொண்டுபோகலாமே என்பதுதான் என் ஆசை.

உங்கள் வார்டில் செய்யும் விதம்: குறுக்குவழியாகப் பயன்படும் தெருவைக் கண்டுபிடியுங்கள். அதன் நடுவில் ஓரிடத்தில் பூந்தொட்டிகளோ தூண்களோ வைத்து, கார் கடக்க முடியாமல், ஆள் நடக்கவும் சைக்கிள் போகவும் வழி விடுங்கள். தெருவின் இரண்டு பக்கமிருந்தும் வீடு வரை கார் வரலாம். ஊடுருவிப் போக முடியாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வந்தால் எடுக்கக்கூடிய தூணாக இருக்கட்டும். குப்பை வண்டிக்கும் தண்ணீர் லாரிக்கும் திரும்ப இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போக்குவரத்துக் காவல்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு தொட்டிகூட வைக்காதீர்கள்.

முதலில் ஆறு வாரச் சோதனையாகச் செய்யுங்கள். முதல் வாரம் திட்டுதான் விழும். ஓட்டுநர்கள் பழைய வழியிலேயே வந்து முட்டிக்கொள்வார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பழகிவிடும். நாலே நாளில் எடுத்துவிட்டால் திட்டு மட்டும்தான் மிஞ்சும். சென்னையில் தியாகராய நகர் பாண்டி பஜாரை 2019 நவம்பரில் நடைவளாகமாகத் திறப்பதற்கு முன்பும் சோதனை ஓட்டங்கள் நடந்தன. பிரேசிலின் குரிடிபா 1972இல் தன் முக்கியக் கடைத்தெருவை ஒரு வார இறுதிக்குள் நடைத்தெருவாக்கியது. கார்காரர்கள் திரும்பி வந்து ஓட்டப் பார்த்தபோது, பிள்ளைகள் தெருவில் காகிதத்தை விரித்துப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

ஆறாவது படி: சைக்கிள் பாதை துண்டு துண்டாக வேண்டாம்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றானது. இன்றும் அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகச் சைக்கிள் தருகிறது. சைக்கிள் நம்மிடம் இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பயமில்லாமல் ஓட்ட ரோடுதான் இல்லை.

நம் நகரங்களில் போட்ட சைக்கிள் பாதைகள் ஏன் தோற்றன? முந்நூறு மீட்டர் இருக்கும், சந்திப்பு வந்ததும் மறைந்துவிடும். பயம் இருப்பதே சந்திப்பில்தான். ஸ்பெயினின் செவில்யா 2006 தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் சுமார் 120 கிலோமீட்டர் பாதையை, வண்டி நிறுத்திய இடங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று சேரும் வலையாகப் போட்டது. சேர்ந்து கிடந்ததால்தான் மக்கள் ஓட்ட வந்தார்கள்.

உங்கள் பகுதியில் வேகம் 30க்குக் கீழே வந்துவிட்ட உள்தெருக்களுக்குத் தனிப் பாதை தேவையில்லை. மெயின் ரோட்டுக்குத் தேவை: ஒரு திசைக்குக் குறைந்தது 2 மீட்டர், ரோட்டிலிருந்து கல்லாலோ மேட்டாலோ பிரித்தது. பெயிண்ட் கோடு போதாது. மறுநாளே அதன்மேல் கார் நிற்கும். முதல் வலையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரையுங்கள். ஒரு பள்ளிக்கு எந்தெந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டால் ஒரே நாளில் வரைபடம் தயார். பஸ் நிறுத்தத்திலும் ரயில் நிலையத்திலும் கூரையும் விளக்கும் உள்ள சைக்கிள் ஸ்டாண்ட் வேண்டும். சைக்கிள் பாதைக்குள் பைக்குகள் புகும் பிரச்சினை உண்மையானது. நுழைவில் தூண்களை நெருக்கி வைத்தால் சக்கர நாற்காலியும் சேர்ந்து தடைபடும். அதனால், முதல் சில மாதங்களாவது ஆள் நிற்பதுதான் வழி.

ஏழாவது படி: பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்

பஸ் எப்போது வரும் என்று பார்த்துப் புறப்படுகிற வரை மக்கள் பைக்கை விடமாட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகலாம். அதற்கு எத்தனை பஸ் வேண்டும்? போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் தடத்துக்கு ஆறு பஸ். நெரிசலால் ஒன்றரை மணி நேரம் ஆனால் ஒன்பது பஸ் வேண்டும். ஆறுதான் இருக்கிறது என்றால் கால் மணிக்கு ஒரு பஸ் என்று ஆகிவிடும். புது பஸ் வாங்கச் சொல்வதற்கு முன்னால், இருக்கிற பஸ்ஸை நெரிசலிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். ஒரு சந்திப்பில் பஸ்ஸுக்கு மட்டும் முன்னுரிமை, நூறு மீட்டர் பஸ் பாதை, இடத்தை அடைத்து நிற்கும் கார்களை அகற்றுதல் என்று ஒவ்வொன்றும் சில நிமிடங்களைத் திருப்பித் தரும். அந்த நிமிடங்கள் சேர்ந்தால் ஒரு பஸ்ஸே மிச்சம்.

நிறுத்தத்தை ஒதுக்குப்புறமாக உள்வாங்கிக் கட்டாதீர்கள். உள்ளே போன பஸ் மறுபடி ரோட்டுக்கு வரக் காத்துக்கிடக்கும். ஓட்டுநர்கள் அதைத் தெரிந்துதான் நடுரோட்டிலேயே நிறுத்துகிறார்கள், ஏறுகிறவர்கள் ஓடுகிறார்கள். நடைபாதையை ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நீட்டிவிட்டால் பஸ் தன் பாதையிலேயே நிற்கும், அம்மா ஒரே அடியில் ஏறிவிடுவார். நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் இடையே 400, 500 மீட்டர் போதும்.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் நிறுத்தத்தில் பார்த்தால் வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதிகம். வீட்டு வாசலிலிருந்து பஸ் வரைக்குமான தூரத்தையும் பத்திரமாக்கித் தருவதுதான் உள்ளாட்சியின் மிச்ச வேலை.

எட்டாவது படி: பார்க்கிங் பேச்சு

கூட்டத்தில் சத்தம் போடுவது இங்கேதான். தயாராகப் போங்கள். நிற்கும் ஒரு கார் எடுப்பது ஏறக்குறைய 5 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். ஒரு சின்ன அறை. பொது இடத்தில் ஓர் அறையை ஒருவருக்கு இலவசமாக, நாள் முழுக்கத் தருகிறோம். அதே இடத்தில் பத்து சைக்கிள் நிறுத்தலாம், இரண்டு தள்ளுவண்டிக் கடை வைக்கலாம். தெருவில் நிறுத்துவதற்குக் கட்டணம் வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஃபௌபான் என்ற பகுதி பழைய ராணுவ முகாம் இருந்த இடத்தில் 1990களில் எழுந்தது. அங்கே கார்கள் பேட்டையின் ஓரத்தில் உள்ள பொது நிறுத்தகத்தில் நிற்கின்றன. அந்த இடத்தைக் கார் வைத்திருப்பவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ட்ராம் பக்கத்திலேயே வருகிறது.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி முதல் கூட்டத்தில் எழுந்து, “தம்பி, கார் நிக்க இடமில்லன்னா யாவாரமே படுத்துரும்ல” என்றார். அவர் பயம் நியாயமானது. வாடகை கொடுப்பவர் அவர். அடுத்த நாள் மாலை அவர் கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து குறித்தோம். காரில் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அண்ணாச்சி நோட்டை வாங்கி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். “நடந்து வாரவுகதான் நம்மாளுக” என்றார். பிறகு நடைபாதையில் அடுக்கியிருந்த தண்ணீர் கேன்களை அவரே உள்ளே எடுத்து வைத்தார். உங்கள் தெருக் கடைக்காரர்களோடும் இப்படியே உட்கார்ந்து எண்ணுங்கள்.

சாலையோர வியாபாரிகளை விரட்டி நடைபாதையைக் காலி செய்வதை நான் ஏற்கமாட்டேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து வரும்போது தெருவில் கண் இருப்பது இட்லிக் கடை அக்காவுக்கும் இஸ்திரி வண்டி அண்ணனுக்கும்தான். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை முதல் கூட்டத்திலேயே கூப்பிட்டு, ரோட்டை ஒட்டிய பட்டையில் அவர்களுக்கான இடத்தைக் குறித்துவிடுங்கள்.

புது மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு

தெருக்கள் 100 மீட்டருக்கு ஒருமுறையாவது குறுக்கே சந்திக்கட்டும். முட்டுச்சந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் அதன் முடிவில் நடை வழி விடுங்கள். பொது ஒதுக்கீட்டு நிலத்தை யாருக்கும் வேண்டாத வடிகால் மூலையில் தள்ளாமல், நடுவில், எல்லா வீட்டிலிருந்தும் நடந்து வரும்படி வையுங்கள். பஸ் வரும் ரோட்டை ஒட்டி உயரமான கட்டடங்களும் தரைத்தளத்தில் கடைகளும் இருக்கட்டும். பால், மாத்திரை, காய்கறி ஆகிய மூன்றும் பத்து நிமிட நடையில் கிடைக்காத மனைப்பிரிவில் வீடு வாங்குகிறவர் அடுத்ததாக வாங்குவது ஒரு பைக், அப்புறம் ஒரு கார்.

யாரிடம், எப்போது கேட்பது

பட்ஜெட்டுக்கு மூன்று மாதம் முன்னால் கேளுங்கள். பட்ஜெட் வாசித்த பிறகு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் போகும். தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளில் 2022 முதல் வார்டு குழு, பகுதி சபை என்ற இரண்டும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பகுதி சபையில் உங்கள் நோட்டுக் கணக்கை வாசித்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போய்விடும். சென்னைக்காரர்கள் கையில் இன்னொன்றும் இருக்கிறது: மாநகராட்சி 2014இலேயே இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டு, போக்குவரத்து நிதியில் பெரும்பகுதி நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று சொன்னது. இந்த இரண்டையும் மனுவின் முதல் பத்தியில் குறிப்பிடுங்கள். உங்கள் தெருவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், என்ன அளவில் கட்டச் சொன்னார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்காதீர்கள். நாங்கள் முதலில் 22 கோரிக்கைகள் எழுதிக் கொடுத்தோம், எதுவும் நடக்கவில்லை. இரண்டாவது முறை ஒரே ஒரு நடைபாதை, 420 மீட்டர், 17 தடைகள், ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், இடம், யார் எடுக்க வேண்டும் என்ற விவரம் என்று இரண்டே பக்கத்தில் கொடுத்தோம். மின்வாரியத்தின் வேலை தனியாக, மாநகராட்சியின் வேலை தனியாக, வீட்டுக்காரர்களின் வேலை தனியாக. உதவிப் பொறியாளர் எங்களோடு நடந்து பார்த்தார்.

கடைசிப் படி: திரும்ப எண்ணுங்கள்

ஓர் ஆண்டு கழித்து, அதே மாதம், அதே கிழமை, அதே நேரம், அதே புள்ளி. மே மாதம் எண்ணியதை ஜனவரிக் கணக்கோடு ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள். முக்கியமாக, புதிதாக யார் வருகிறார்கள் என்று பாருங்கள்: தனியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், இருட்டிய பிறகு நடக்கும் பெண்கள், தடியோடு வரும் பெரியவர்கள். உடைந்த ஸ்லாப்பைப் பார்த்தால் அன்றே படமெடுத்துப் புகார் கொடுங்கள், சென்னையில் 1913. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள்.

எங்கள் 420 மீட்டரில் இப்போது நான்கு தடைகள் பாக்கி. மின்சாரப் பெட்டி இரண்டு, ஒரு ட்ரான்ஸ்பார்மர், யார் சொல்லியும் சாய்தளத்தைக் குறைக்க மனம் வராத ஒரு வீடு. போன வாரம் அம்மாவோடு நிறுத்தம் வரை நடந்தேன். ஒன்பது நிமிடம்.